திங்கள் காலை பத்தேகால்: எங்கள் புக்கிங் ஏஜென்ட்டுக்கு ஒரு விமர்சனம்

மார்க்கை முதலிலேயே போட்டுவிடுகிறேன்: ஐந்துக்கு மூன்றரை. பேரைச் சொல்லப் போவதில்லை. விநியோகஸ்தர்களிடம் பேசி என் தியேட்டருக்குப் படம் வாங்கித் தருகிறவர் அவர். இன்னும் அவர் மூலமாகத்தான் படம் எடுக்கிறேன், நாளைக்கும் அவருக்கு ஃபோன் பண்ண வேண்டும். ஆனால் ஒற்றைத் திரையை வைத்துக்கொண்டு ஏஜென்ட் வைத்துக்கொள்ளலாமா, நாமே பேசிக்கொள்ளலாமா என்று யோசிக்கிற சிலர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை.

என்னுடையது 164 இருக்கை. ஒரு திரை, நாளைக்கு மூன்று காட்சி. அப்பா நடத்தியது. அவர் காலத்து ஆபரேட்டர் மாமா இன்னும் மேலே கேபினில்தான் இருக்கிறார். எனக்கு 43 வயதாகிறது, அவருக்கு நான் இன்னும் "பாப்பா"தான். அப்பா போன பிறகு முதல் ஒன்றரை வருஷம் நானே விநியோகஸ்தர்களிடம் நேரடியாகப் பேசிப் படம் எடுத்தேன். அதற்கப்புறம் இரண்டு வருஷமாக இந்த ஏஜென்ட். ஆக, இரண்டு பக்கத்துத் தண்ணீரும் குடித்திருக்கிறேன்.

அந்த ஒன்றரை வருஷத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மெயில் போடுவேன், பதில் வராது. மறுபடி போடுவேன். நாலாவது நாள் ஃபோன் எடுத்தால், "எத்தனை ஸ்க்ரீன்?" என்பார்கள். "ஒண்ணு" என்றதும் அந்தப் பக்கம் ஒரு மூச்சு விடுகிற சத்தம் கேட்கும். அந்த மூச்சுக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு முதல் மாதத்திலேயே புரிந்துவிட்டது. பன்னிரண்டு திரை வைத்திருப்பவரிடம் பேச எவ்வளவு நேரம் ஆகுமோ, அதே நேரம்தான் என்னிடம் பேசவும் ஆகும். வருகிற பங்கு மட்டும் பன்னிரண்டில் ஒன்று. அவர்களைக் குற்றம் சொல்லி என்ன பிரயோஜனம்?

ஏஜென்ட்டிடம் என்னைப் போல நாற்பது தியேட்டருக்குக் கிட்ட இருக்கிறது. எல்லாம் ஒற்றைத் திரை, இரட்டைத் திரை. தனித்தனியாக நாங்கள் யாருக்கும் பொருட்டே இல்லை. நாற்பதும் ஒரே ஃபோனிலிருந்து பேசினால் அந்த ஃபோனை எடுக்கிறார்கள். அடிப்படையில் நாம் வாங்குகிற சேவை இதுதான். வாரத்துக்கு இவ்வளவு என்று நிலையான கட்டணம், வசூலில் பங்கு கிடையாது. இது எனக்குப் பிடித்த ஏற்பாடு. வசூலில் சதவீதம் கேட்கிற ஏஜென்ட்டும் உண்டு. அப்படி வைத்தால் பெரிய படத்தை நம் தலையில் கட்டுவதுதான் அவருக்கு லாபம், அந்தப் படம் நமக்கு என்ன மிச்சம் வைக்கிறது என்பது அவர் கவலை இல்லை. நிலையான கட்டணத்தில் ஒரு கோளாறும் இருக்கிறது: கூரை வேலைக்காக இரண்டு வாரம் தியேட்டரை மூடியிருந்தபோதும் பில் வந்தது. கேட்டதற்கு, "ஒப்பந்தத்துல அப்படித்தாம்மா இருக்கு" என்றார். எடுத்துப் பார்த்தேன், அப்படித்தான் இருந்தது.

இனி திங்கட்கிழமைக்கு வருகிறேன். இந்தத் தொழிலில் வாரம் திங்கட்கிழமைதான் பிறக்கிறது. வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாள் வசூல் கையில் இருக்கும். அடுத்த வெள்ளிக்கு ஓடுகிற படத்தையே நீட்டிப்பதா, இறக்கிவிட்டுப் புதுசு போடுவதா, மதியம் ஒன்றும் ராத்திரி ஒன்றுமாகப் பிரித்துப் போடுவதா என்று அன்றைக்கு முடிவாக வேண்டும். எங்கள் ஏஜென்ட் காலை பத்தேகாலுக்குக் கூப்பிடுவார். பத்து மணிக்கு இல்லை, பத்தரைக்கு இல்லை, பத்தேகால். இரண்டு வருஷத்தில் மூன்று தடவைதான் தவறியிருக்கிறது, அதில் ஒன்று அவர் மகள் பிரசவத்துக்கு. இந்த ஒழுங்குக்கு அரை மார்க் முழுசாகக் கொடுத்திருக்கிறேன்.

அந்த ஃபோனில் அவர் பேசுவது சதவீதம். புதுப் படம் என்றால் டிக்கெட் வசூலில் விநியோகஸ்தர் பங்கு முதல் வாரம் அதிகம், போகப்போகக் குறையும். எனக்கு வந்த ஒரு படத்தில் முதல் வாரம் 60, இரண்டாம் வாரம் 50, மூன்றாம் வாரம் 40, அதற்குமேல் 35. இப்படிப் படிப்படியாக இறங்காமல் எல்லா வாரத்துக்கும் ஒரே சதவீதம் என்றும் போடுவார்கள். அப்பா காலத்தில் வேறொரு கணக்கும் உண்டு: தியேட்டரின் வாராந்தரச் செலவு இவ்வளவு என்று முதலில் பேசி வைத்துக்கொள்வது, வசூலில் அதைக் கழித்துவிட்டு மிச்சத்தில் 90 அவர்களுக்கு, 10 நமக்கு. செலவுத் தொகையை எவ்வளவு ஏற்றிக் காட்டுகிறோம் என்பதில்தான் சாமர்த்தியம். அப்பா இதில் கெட்டிக்காரர். மாமா இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார்.

சதவீதத்தைவிட ஆபத்தான சொல் "கிளீன் ரன்". அந்தத் திரையில் அத்தனை நாளும் அத்தனை காட்சியும் இந்தப் படம் மட்டும்தான், வேறு எதையும் இடையில் போடக்கூடாது என்பது நிபந்தனை. பன்னிரண்டு திரைக்காரருக்கு இது ஒரு அறையைப் பூட்டி வைப்பது மாதிரி. எனக்கு வீட்டையே பூட்டுவது. முதல் வருஷம் ஒரு பெரிய படத்துக்கு மூன்று வாரக் கிளீன் ரன் என்று ஏஜென்ட் வாங்கிக் கொடுத்தார். முதல் நாளே எடுத்துக் கொடுத்த பெருமை அவர் குரலில் தெரிந்தது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, அதை மறைப்பானேன். வாசலில் போஸ்டர் ஒட்டும்போது நானே கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.

முதல் வாரம் பாதிக்குமேல் நிறைந்தது. இரண்டாவது வாரம் ஐந்தில் ஒரு பங்கு. மூன்றாவது வாரம் செவ்வாய்க்கிழமை மதியக் காட்சிக்கு நாலு பேர். அந்த நாலு பேரையும் என்னால் வரைந்து காட்ட முடியும். ஒருவர் மழைக்கு ஒதுங்கியவர், ஏ.சி.யில் நன்றாகத் தூங்கினார், படம் முடிந்ததும் மாமாதான் போய் எழுப்பினார். மூன்று வாரமும் வாசலில் அதே போஸ்டர். வழக்கமாக வருகிற ஒரு அம்மா டிக்கெட் கவுண்டரில் குனிந்து, "ஏம்மா, இதை எப்ப எடுப்பீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார். படம் பார்க்க இல்லை, இதைக் கேட்கத்தான் வந்தார்.

எங்கே தப்பு? படம் மோசமில்லை. முதல் நாள் பார்த்தே ஆக வேண்டும் என்கிறவர்கள் பெரிய திரைக்கும் பெரிய சத்தத்துக்கும் போகிறவர்கள், அவர்கள் என்னிடம் வருவதில்லை. என்னிடம் வருகிறவர்கள் கூட்டம் குறைந்த பிறகு, யாரோ ஒருவர் "நல்லாயிருக்கு" என்று சொன்ன பிறகு வருகிறவர்கள். அவர்களுக்கு அந்தப் படத்தை மூன்றாவது வாரத்தில், 40 சதவீதத்தில் எடுத்திருந்தால் கிளீன் ரன் நிபந்தனையும் தளர்ந்திருக்கும், பங்கும் குறைந்திருக்கும். வேறொரு தியேட்டரில் ஓடி இறங்குகிற படத்தை இப்படிப் பிறகு வாங்குவதை மூவ் ஓவர் என்பார்கள். அப்பா பாதி வருஷம் இதை வைத்துத்தான் நடத்தினார். எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும். ஏஜென்ட்டுக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் முதல் நாள் படம் வாங்கிக் கொடுப்பதுதான் தன் திறமை என்று அவர் நினைத்தார், நானும் அப்படித்தான் நினைத்து அவரிடம் போனேன்.

அவரை விட்டுவிடலாம் என்று முடிவெடுத்தது அந்த மூன்றாம் வாரத்தில்தான். விடாமல் இருந்ததற்குக் காரணம் அடுத்து நடந்தது.

வெளியில் இருப்பவர்களுக்கு அதிகம் தெரியாத விஷயம் ஒன்று: பல சமயம் ஒப்பந்தத்தில் எழுதிய சதவீதம் கடைசிச் சதவீதம் இல்லை. படம் ஓடி முடிந்த பிறகு உட்கார்ந்து பேசி, "எதிர்பார்த்தது வரவில்லை, குறைத்துக்கொள்ளுங்கள்" என்று கேட்கலாம். இதற்குச் செட்டில்மென்ட் என்று பேர். நான் தனியாக இருந்த காலத்தில் இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. எழுதியதை எழுதியபடி அனுப்பி வைத்துக்கொண்டிருந்தேன். ஏஜென்ட் அந்தப் படத்துக்குப் பதினொரு நாள் விடாமல் பேசினார். என்னிடமிருந்து காட்சிவாரியாகக் கணக்குக் கேட்டார், மழை பெய்த நாட்களைக் கேட்டார், அந்த நாலு பேர் காட்சியைத் தனியாகக் குறித்துக்கொண்டார். விநியோகஸ்தர் பக்கம் இருந்தவரோடு பேசும்போது என்னையும் லைனில் வைத்திருந்தார்.

"மூணு வாரம் பூட்டிப் போட்டீங்க. பூட்டினது நீங்க, வாடகை குடுக்கிறது அந்தப் பொண்ணா?" என்றார்.

அந்தப் பக்கம் ஏதோ சொன்னார்கள்.

"அடுத்த படத்துக்கு நாற்பது தியேட்டருக்கும் நான்தானே உங்களுக்கு ஃபோன் பண்ணணும்?"

அவ்வளவுதான். முதல் வாரப் பங்கு 60-இலிருந்து 52 ஆனது, மூன்றாம் வாரம் 40-இலிருந்து 35. எனக்கு அந்த வித்தியாசம் ஏழு மாத ஏஜென்ட் கட்டணத்துக்குச் சமம். அந்த மூன்றரையில் இரண்டு மார்க் இதற்குத்தான். படத்தை வாங்குவது ஒரு ஃபோனில் முடிகிற வேலை. இறக்கிய படத்துக்காகப் பதினொரு நாள் பேச எனக்கு வாயும் இல்லை, நாற்பது தியேட்டரும் இல்லை.

அந்தப் பேச்சில் அவர் பயன்படுத்திய ஆயுதத்தின் மறுமுனையையும் சொல்லிவிட வேண்டும். "அந்தப் பெரிய படம் வேணும்னா இந்தச் சின்னப் படத்தையும் எடுத்துக்கணும்" என்று விநியோகஸ்தர்கள் சொல்வது இந்தத் தொழிலின் மிகப் பழைய வியாதி. அமெரிக்காவில் ஸ்டுடியோக்கள் வருஷத்துப் படங்களையெல்லாம் மூட்டையாகக் கட்டி விற்றதை அங்குள்ள உச்ச நீதிமன்றம் 1948-இல் பாரமவுண்ட் வழக்கில் சட்டவிரோதம் என்றது. அதையொட்டி வந்த கட்டுப்பாடுகளை 2020-இல் ஒரு நீதிமன்றம் நீக்கியது, மூட்டை வியாபாரத்துக்கு மட்டும் இரண்டு வருஷத் தவணை கொடுத்து. மற்ற இடங்களில் சட்டம் எப்படியோ, வியாதி எங்கும் இருக்கிறது. யாரும் எழுத்தில் கேட்பதில்லை. "இதையும் கொஞ்சம் பாருங்களேன்" என்பார்கள். எங்கள் ஏஜென்ட் இதை எனக்கு மறைக்காமல் சொல்வார்: "இதை நீங்க எடுத்தா எனக்கு ஒரு உபகாரம்." இந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். இரண்டு வருஷத்தில் நாலு முறை உபகாரம் செய்திருக்கிறேன். ஒன்று நன்றாகவே ஓடியது. மற்ற மூன்றையும் பேசாமல் இருப்பது நல்லது.

இனி குறைக்கு வருகிறேன். பெரிய குறை, அவர் கணக்கைப் படிக்கிற விதம்.

அவர் பார்ப்பது மூன்று நாள் மொத்த வசூல். நாற்பது தியேட்டரும் ஒரே தாளில், மேலிருந்து கீழாக. போன வருஷம் ஒரு சின்னப் படம். பெரிய நடிகர் இல்லை, விளம்பரம் இல்லை. அதை அவர் எடுத்துத் தரவில்லை, "அதுல ஒண்ணும் இல்லம்மா" என்றார். அந்தப் படத்தை உருவாக்கியவரிடமே நான் எழுதிக் கேட்டு, மாலை நாலு மணிக் காட்சிக்கு மட்டும் போட்டேன். முதல் சனிக்கிழமை 31 பேர். திங்கள் பத்தேகாலுக்கு ஃபோன்: "இறக்கிருங்க." நான் இறக்கவில்லை. அடுத்த சனி 48. அதற்கடுத்த சனி 77. அந்த 77 பேரில் பாதிப் பேர் போன வாரம் வந்தவர்கள் அழைத்து வந்தவர்கள். கவுண்டரில் நான்தானே உட்கார்ந்திருக்கிறேன், எனக்குத் தெரியும். ஒருவர் தன் அண்ணனைக் கூட்டி வந்தார். அந்த அண்ணன் அடுத்த வாரம் தன் நடைப்பயிற்சிக் கூட்டத்தையே கூட்டி வந்தார், எல்லோரும் அதே வெள்ளை ஷூவோடு.

ஐந்து வாரம் ஓடியது. ஏஜென்ட்டின் தாளில் அது கடைசிவரை அடியிலேயே கிடந்தது. ஏனென்றால் நாளைக்கு ஒரே காட்சி. மூன்று காட்சி போடுகிற படத்தின் மொத்தத்தோடு ஒரு காட்சிப் படத்தின் மொத்தத்தை வைத்துப் பார்த்தால் எது மேலே வரும்? காட்சி ஒன்றுக்கு எத்தனை பேர் என்று பிரித்துப் பார்த்தால் மூன்றாவது வாரம் அதுதான் என் தியேட்டரில் முதலிடம். இதை அவரிடம் சொன்னேன். "சரிதாம்மா" என்றார். அடுத்த திங்களும் மொத்தத்தைத்தான் வாசித்தார். அவர் கண் அப்படிப் பழகிவிட்டது. எண்ணிக்கை இறங்குகிறதா ஏறுகிறதா என்பதுதான் சின்னத் தியேட்டருக்கு உயிர். பெரிய படம் முதல் நாள் மலை உச்சியில் பிறந்து கீழே உருளும், சின்னப் படம் பள்ளத்தில் பிறந்து ஏறும். ஏறுகிற படத்தைத் திங்கட்கிழமை இறக்கச் சொல்கிற ஏஜென்ட்டுக்கு ஒரு மார்க் வெட்டாமல் எப்படி விடுவது?

இன்னொரு அரை மார்க் போனது ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம்.

இப்போது படம் பெட்டியில் வருவதில்லை. ரீல் காலத்தில் நிமிடத்துக்கு 90 அடி என்று ஓடும். இரண்டு மணி நேரப் படம் கிட்டத்தட்ட 10,800 அடி, ஆறு ரீல், தூக்க இரண்டு ஆள். இப்போது டி.சி.பி. என்கிற கோப்பு, ஒரு ஹார்ட் டிஸ்க்கிலோ இணையத்திலோ வந்துவிடும். ஹாலிவுட் ஸ்டுடியோக்கள் கூடி வகுத்த விதி 2005-இல் வந்தது, வினாடிக்கு உச்சம் 250 மெகாபிட். கணக்குப் போட்டால் ஒலி நீங்கலாக இரண்டு மணி நேரத்துக்கு அதிகபட்சம் 225 ஜிபி. கோப்பு பூட்டித்தான் வரும். திறக்கிற சாவி தனியாக மெயிலில், கே.டி.எம். என்று. அந்தச் சாவி ஒரு படத்துக்கு, ஒரு இயந்திரத்துக்கு, இந்த மணியிலிருந்து இந்த மணிவரை. பக்கத்துத் தியேட்டர் சாவி என் இயந்திரத்தில் செல்லாது. என் பழைய இயந்திரத்துச் சாவி என் புது இயந்திரத்திலும் செல்லாது.

இந்தக் கடைசி வாக்கியம்தான் பிரச்சினை. அந்த மாதம் ப்ரொஜக்டருக்குள் இருக்கிற மீடியா பிளாக், அதாவது பூட்டிய கோப்பைத் திறந்து படமாக்குகிற மின்னணுப் பலகை, பழுதாகி மாற்றினோம். சாவி பூட்டப்படுவது அந்தப் பலகையின் சான்றிதழுக்குத்தான். புதுப் பலகையின் எண்ணை ஏஜென்ட் அலுவலகத்துக்கு அனுப்பினேன், "எல்லாருக்கும் சொல்லியாச்சு" என்று பதில் வந்தது. நாலு விநியோகஸ்தருக்குச் சொல்லியிருந்தார்கள். ஐந்தாவது ஆளின் படம்தான் அந்த வெள்ளிக்கிழமை.

ஏழு மணிக் காட்சி. ஆறே முக்காலுக்கு மாமா மேலேயிருந்து கூப்பிட்டார். "பாப்பா, சாவி இறங்க மாட்டேங்குது."

போய்ப் பார்த்தேன். இந்தச் சாவி இந்த இயந்திரத்துக்கானது இல்லை என்று திரையில் சிவப்பாக ஒரு வரி. ஏஜென்ட்டுக்கு அடித்தால் எடுக்கவில்லை. வெள்ளி சாயங்காலம் நாற்பது தியேட்டரும் அடிக்கிற நேரம். சாவி அனுப்புகிற நிறுவனத்தின் இரவு உதவி எண் மெயிலின் அடியில் இருந்தது, அதற்கு அடித்தேன். அங்கிருந்த பையன் பதற்றமே இல்லாமல், "பலகையில இருக்கிற சீரியல் நம்பரைப் படிங்க" என்றான். மாமா மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, டார்ச்சை வாயில் கடித்துக்கொண்டு, மூடியைக் கழற்றி, ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார். டார்ச் வாயில் இருந்ததால் ஆறும் ஏழும் ஒரே மாதிரி கேட்டது. இரண்டு தடவை தப்பாகச் சொன்னேன். ஏழு இருபத்திரண்டுக்குப் புதுச் சாவி வந்தது, ஏழு முப்பத்தொன்றுக்குப் படம் ஆரம்பித்தது. உள்ளே 61 பேர் இருந்தார்கள், ஒன்பது பேர் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சப் பேருக்கு நான் முன்னால் நின்று நடந்ததைச் சொன்னேன். ஒருவர் கை தட்டினார், எதற்கென்று இன்றுவரை தெரியவில்லை.

ஏஜென்ட்டின் தப்பு பாதி. மீதி என்னுடையது. சாவி வியாழக்கிழமையே மெயிலில் வந்துவிட்டது. வெள்ளி பிறந்த பிறகுதான் படம் ஓடும் என்பதால் அதுவரை கையில் எடுக்கவில்லை. ஆனால் ஏற்றிப் பார்க்க நேரம் பிறக்க வேண்டியதில்லை. தப்பான இயந்திரத்துச் சாவி என்றால் ஏற்றும்போதே சர்வர் சொல்லியிருக்கும். இப்போது சாவி வந்த நிமிடமே மாமா ஏற்றிவிடுகிறார், ஆரம்ப நேரமும் முடியும் நேரமும் எந்த நேர மண்டலத்தில் எழுதியிருக்கிறது என்றும் பார்த்துவிடுகிறார். கோப்பின் நீளமான பெயரையும் படிக்கக் கற்றுக்கொண்டேன். பெயரிலேயே எல்லாம் இருக்கும்: முழுப் படமா டிரெய்லரா, திரை வடிவம் ஸ்கோப்பா ஃப்ளாட்டா, என்ன மொழி, சப்டைட்டில் உண்டா என்று. சப்டைட்டில் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு எக்ஸ் இருந்தால் இல்லை என்று அர்த்தம். வேற்று மொழிப் படம் ஒன்று அந்த இரண்டு எக்ஸோடு வந்து இறங்கியது. புதன்கிழமையே பார்த்துவிட்டதால் வெள்ளிக்குள் பிரதியை மாற்றிக்கொண்டோம். தப்பான பிரதியை ஆர்டர் போட்டது யார் என்று கேட்காதீர்கள். அரை மார்க் ஏற்கெனவே வெட்டியாகிவிட்டது.

தினசரி வசூல் கணக்கை விநியோகஸ்தர்களுக்கு அனுப்புவது, போஸ்டர் வரவழைப்பது, டிரெய்லர் அனுப்பச் சொல்வது எல்லாம் அவர் அலுவலகமே பார்க்கிறது. அதில் புகார் இல்லை.

பழைய படங்களுக்கு மட்டும் அவரை நம்பாதீர்கள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நான் பழைய படம் போடுகிறேன். முதல் தடவை அவரிடம் கேட்டபோது மூன்று வாரம் கழித்து, "யார்கிட்ட இருக்குன்னு தெரியலம்மா" என்றார். உண்மையில் அதுதான் வேலையே. பழைய படத்தில் இரண்டு தேடல் இருக்கிறது. தியேட்டரில் காட்டும் உரிமை யாரிடம் என்பது ஒன்று. டிஸ்க் போடுகிறவரிடமும் இணையத்தில் ஓட்டுகிறவரிடமும் அது இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை, பெரும்பாலும் இருப்பதும் இல்லை. காட்டக்கூடிய பிரதி யாரிடம் என்பது இன்னொன்று. ஒரு தடவை உரிமைக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பிரதி இல்லாமல் இரண்டு மாதம் அலைந்தேன். இன்னொரு தடவை அருமையான பிரதி கிடைத்தது, உரிமைக்காரர்கள் மூன்று வாரிசுகள், ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. டிக்கெட் போட்டுக் காட்டுவதற்கும் ஃபிலிம் சொசைட்டியில் காட்டுவதற்கும் வெவ்வேறு அனுமதி என்பதையும் அடிபட்டுத்தான் தெரிந்துகொண்டேன். இதற்கான கட்டணம் பெரும்பாலும் ஒரு குறைந்தபட்சத் தொகை அல்லது வசூலில் 35 சதவீதம், எது அதிகமோ அது. கிளீன் ரன் கிடையாது, செட்டில்மென்ட் கிடையாது, தலைவலி தேடுவதோடு முடிந்தது.

இதை நானே செய்வதில் ஒரு சந்தோஷமும் இருக்கிறது. அப்பா பழைய 35 எம்.எம். ப்ரொஜக்டர் இரண்டையும் விற்கவில்லை. திரைப்படக் காப்பகங்கள் பிரதி கொடுக்கும்போது முதலில் கேட்கிற கேள்விகளில் ஒன்று, "இரண்டு ப்ரொஜக்டரில் மாற்றி மாற்றி ஓட்டுவீர்களா, ஒட்டித் தட்டில் போடுவீர்களா?" என்பது. தட்டு என்றால் ரீல்களை வெட்டி ஒன்றாக ஒட்ட வேண்டும், பல காப்பகங்கள் அதற்குக் கொடுக்காது. எங்களிடம் இரண்டு ப்ரொஜக்டரும் ஓடுகிறது, மாமாவும் இருக்கிறார். ரீல் முடிய எட்டு வினாடி இருக்கும்போது திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி வரும், அடுத்த ப்ரொஜக்டரின் மோட்டாரைப் போட வேண்டும். முடிவதற்கு ஒரு வினாடி முன்பு இரண்டாவது புள்ளி, மாற்ற வேண்டும். மாமா அந்த எட்டு வினாடியும் மூச்சு விடமாட்டார். அவருக்குத் தெரியாமல் நான் பார்த்திருக்கிறேன். மாறியதும் உதட்டைக் குவித்து ஊதுவார். எந்த ஏஜென்ட்டும் தன் தாளில் இதற்கு ஒரு கட்டம் வைத்திருக்க மாட்டார்.

அப்படியானால் யாருக்கு இவர் சரிப்படுவார்? வாரா வாரம் புதுப் படம் போட்டு நடத்துகிறவர், விநியோகஸ்தரோடு கட்டிப் புரள நேரமும் மனசும் இல்லாதவர், கவுண்டரில் தானே உட்கார்ந்து யார் வருகிறார்கள் என்று பார்க்கிறவர். கடைசி நிபந்தனை முக்கியம். கவுண்டரையும் விட்டுவிட்டு, திங்கட்கிழமையையும் அவரிடம் விட்டால் உங்கள் தியேட்டர் ஒரு வருஷத்தில் மற்ற முப்பத்தொன்பது தியேட்டர் மாதிரி ஆகிவிடும். மாதத்துக்கு நாலைந்து காட்சி மட்டும் நடத்துகிற ஃபிலிம் சொசைட்டிக்காரர்களுக்கு இவர் தேவையே இல்லை.

போன மாதம் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டியிருந்தது. மூன்று மாற்றம் கேட்டேன். மூடியிருக்கிற வாரத்துக்குக் கட்டணம் கூடாது. நான் எழுத்தில் சொல்லாமல் இரண்டு வாரத்துக்குமேல் கிளீன் ரன் ஒத்துக்கொள்ளக்கூடாது. திங்கட்கிழமைத் தாளில் காட்சிக்கு எத்தனை பேர் என்று ஒரு பத்தி சேர்க்க வேண்டும். முதல் இரண்டுக்கும் ஒத்துக்கொண்டார். மூன்றாவதுக்கு, "பார்க்கலாம்மா" என்றார். கையெழுத்துப் போட்டு ஐந்து திங்கள் ஆகிவிட்டது. பத்தி இன்னும் வரவில்லை, நானே பென்சிலால் ஓரத்தில் போட்டுக்கொள்கிறேன்.